கரிக்கோடு போட்ட முட்டை

எழுபதுகளில் வண்டன்மேட்டுக்கு அருகே ஓர் ஏலத் தோட்டத்தில் எழுத்தராக இருந்தேன். பட்டம் படித்தவன் என்று தொழிலாளர்கள் எனக்கு மரியாதை கொடுத்தார்கள். அந்த மரியாதைக்கு நான் செய்த கைம்மாறைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாசி, பங்குனியில், வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டு கூடுவதற்கு முன்பே பழைய பைனாகுலரை மாட்டிக்கொண்டு நாயோடு மேட்டில் ஏறிவிடுவேன். பனி விலகாத ஓடைப் பக்கம் சீகாரப் பூங்குருவி சீட்டியடிக்கும். பாதியில் நிறுத்திவிட்டு வேறெங்கோ தொடங்கும். ஆனால் எனக்கு ஆசையெல்லாம் தரையில் கூடு வைக்கும் பறவைகள் மேல்தான்.

நாய் செவலை நிறத்து நாட்டு நாய். ஒருநாள் அது ஒரு புதரருகே நின்று முன்னங்காலைத் தூக்கியபடி என்னைத் திரும்பிப் பார்த்தது. சருகுக்குள் காட்டுக்கோழி முட்டைகள். சந்தோஷத்தில் பையிலிருந்த பிஸ்கட்டைக் கொடுத்தேன். அன்றிலிருந்து கூடு காட்டினால் பிஸ்கட் என்றாகிவிட்டது. நான் எந்தக் கூட்டையும் தொட்டதில்லை; அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. இரண்டொரு கூடுகள் மறுநாள் காலியாகக் கிடந்தபோது, கீரி தின்றிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தொழிலாளர் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் லயத்தில், கடைசி வீட்டுக்காரி ஒரு கூடையில் கோழியை அடை வைத்திருந்தாள். மலைக்குக் கீழே கம்பம் ஊரில் கட்டிக்கொடுத்த அவள் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளையோடு திரும்பும்போது குஞ்சுகளையும் கொடுத்தனுப்ப வேண்டும் என்பது தாயின் எண்ணம். அடை வைக்கும் முட்டைகளில் கரியால் கோடு போடுவார்கள். வேறு கோழி வந்து இட்டுவிட்டால் பிரித்தெடுக்கலாம்.

ஒரு காலை கதவைத் திறந்தேன். நாய் வாசலில் நின்றது. அதன் காலடியில் ஒரு முட்டை, உடையாமல், கரிக்கோட்டோடு.

எடுத்துப் பார்த்தேன். சூடு இருந்தது. உடனே கொண்டுபோய்க் கோழிக்கு அடியில் வைத்திருந்தால் பொரித்திருக்கும். ஆனால் முட்டை தின்னும் நாயைத் தோட்டத்தில் விட்டுவைக்க மாட்டார்கள். சோற்றில் விஷம் கலந்து வைப்பார்கள். நாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. குரைத்துவிடுமோ என்று பயந்து அதற்குப் பிஸ்கட் கொடுத்தேன். பிறகு வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி முட்டையைப் புதைத்தேன்.

சற்று நேரத்தில் லயத்தில் சத்தம் எழுந்தது. கூடை காலி; மற்ற முட்டைகளை நாய் தின்றிருக்க வேண்டும். பழி பக்கத்து வீட்டுக்காரிமேல் விழுந்தது. முந்தின நாள் அவள் இரண்டு முட்டை கேட்டு, இல்லை என்ற பதிலோடு திரும்பியிருந்தாள். பல வருடங்களாக ஒரே நிரையில் சேர்ந்து காய் பறித்தவர்கள் இருவரும்.

சாயங்காலம் அம்மன் கோயிலில் கூடினார்கள். எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்து அவள் சத்தியம் செய்ய வேண்டும். படித்தவர் ஒருவர் இருந்தால் நல்லது என்று என்னையும் அழைத்திருந்தார்கள். நாய் பின்னாலேயே வந்து என் காலடியில் படுத்துக்கொண்டது.

"எந்தச் சட்டியில அவிச்சேன்னு வந்து மோந்து பாருடி" என்றாள் பழி சுமந்தவள்.

"மோந்து பாக்க நான் என்ன நாயா? ஒனக்கு மடியில கனமில்லேன்னா கற்பூரத்த அமத்து."

சிலர் சிரித்தார்கள். பழி சுமந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, தெனமும் எங்க வாசல் வழியாத்தான மேட்டுக்குப் போறீக. நான் அந்தக் கூடைப் பக்கம் போயி என்னிக்காச்சும் பாத்திருக்கீகளா?"

"நான் பாக்கலம்மா" என்றேன்.

அது பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடிந்தது. அவளுக்கு வேண்டியது இன்னும் ஒரே ஒரு வாக்கியம். அது என் வாயில் இருந்தது, வெளியே வரவில்லை. அவள் உள்ளங்கையால் கற்பூரத்தை அழுத்தி அணைத்தாள்.

சத்தியம் செய்ததால் அவள் பேர் தெளிந்துவிடவில்லை. சத்தியம் நடந்த இரு வீடுகளும் ஒன்றிடம் ஒன்று தண்ணீர்கூட வாங்கக்கூடாது என்பது அங்கே வழக்கம். மற்ற வீடுகளும் கடைசி வீட்டுக்காரியின் மனம் நோகக்கூடாது என்று மெல்ல ஒதுங்கின. பெரட்டில் அவள் தனியாக நின்றாள். தினமும் அவளுக்கு ஆஜர் போட்டது நான்தான். மழைக்கு முன்பே அவளும் கணவனும் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டு கம்பத்துக்குப் போகும் ஜீப்பில் ஏறினார்கள்.

நாய் ஜீப்பின் பின்னால் ஓடியது. மிஞ்சிய கஞ்சியை அதற்கு ஊற்றுபவள் அவள்தான். அவள் வெளியே தலையை நீட்டி, "போ, போ. ஒன்னயக் காணாம ஐயா தேடுவாரு" என்றாள்.

மறுநாள் காலை மேட்டில் நாய் ஒரு புதர் முன்னால் நின்று முன்னங்காலைத் தூக்கியது. திரும்பி என்னைப் பார்த்தது. புதருக்குள் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. ஆனால் என் கை அதற்குள் பிஸ்கட் பைக்குள் போயிருந்தது.