சந்தனம் பூசிய எஸ்.எஸ்.டி

எனக்கு நாற்பது வயது. நயினாதீவில் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். ஞாயிறு காலையில் ஆட்களைச் சுடுகிறேன். கொம்பியூட்டரில்தான், பயப்பட வேண்டாம். கனடாவில் இருக்கும் என் தம்பி, அவனுடைய கூட்டாளிகள் இருவர், நான் என்று நான்கு பேர் ஓர் அணி.

என் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஆட்டம் திறக்க ஐந்து நிமிடம் பிடிக்கும். பேச்சு உடனே இணைந்துவிடும், படம்தான் வராது. அந்த ஐந்து நிமிடமும் அம்மா ஹெட்செட்டைப் பறித்துத் தன் தலையில் மாட்டிக்கொள்வார். "என்ன சாப்பிட்டனி? குளிருக்குத் தொப்பி போட்டனியோ?" மற்ற நாட்களில் தம்பியிடம் போனில் பேசக் கிடைக்காது, எப்போதும் வேலை. நான் உள்ளே போய்ச் சேரும்போது பாதி ஆட்டம் முடிந்திருக்கும்.

கடைசியில் தம்பி சொல்லியே விட்டான்.

"அக்கா, நீ வாறதுக்கிடையிலை நாங்கள் செத்துப்போறம். வாற ஞாயிறும் இப்பிடியெண்டால் மனுசியின்ரை அண்ணையை உன்ரை இடத்திலை சேர்க்கப்போறன்."

நான் மூக்குத் துடைத்துவிட்டு வளர்த்த கழுதை! எனக்கு வந்ததே ஆத்திரம்.

பழைய டிஸ்க்கைவிடப் பல மடங்கு வேகமான எஸ்.எஸ்.டி ஒன்று வாங்க, சனிக்கிழமை படகும் பஸ்ஸும் பிடித்து யாழ்ப்பாணம் போனேன். கடைக்காரர் பளபளவென்ற பெட்டியொன்றை நீட்டினார்.

"தங்கச்சி, இது செக்கனுக்கு ஏழாயிரம் எம்.பி ஸ்பீட். கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ."

"அண்ணை, என்ரை கொம்பியூட்டர் போர்ட் மூவாயிரத்து ஐஞ்சூறுக்கு மேலை போகாது. மிச்ச வேகத்திலை கருவாடோ காயவிடுறது?"

அவர் முகம் சுருங்கியது. அரை விலைக்கு இரண்டு டெராபைட் என்று ஊர் பேர் தெரியாத ஒன்றைக் காட்டினார். அவ்வளவு மலிவென்றால் உள்ளே என்ன இருக்குமோ, எனக்கு வேண்டாம். இருநூற்றைம்பது ஜிபி என் ஒரு ஆட்டத்துக்கும் விண்டோஸுக்குமே திணறும். ஐந்நூறு ஜிபி, நடுத்தர வேகம், மூன்று வருட உத்தரவாதம். அதைத்தான் எடுத்தேன். கடல் தெறிக்காமல் சோற்றுப் பெட்டிக்குள் வைத்து வீடு கொண்டுவந்தேன்.

மேசையில் வைத்துவிட்டுத் திருப்புளி தேடப் போனேன். திரும்பி வந்தால் சாமான் சாமிப்படத்தின் முன்னால் இருக்கிறது. சீப்புத் துண்டளவு பலகை. அதன் நுனியில் பொன்னிறப் பற்கள். கொம்பியூட்டருக்குள் கடித்துப் பிடிக்க வேண்டிய அந்தப் பற்களின் மேலேயே சந்தனம், நடுவில் குங்குமம்.

"அம்மா! என்ன செய்தனீங்கள்?"

"கடல் தாண்டி வந்த சாமானைப் பொட்டு வைக்காமல் பூட்டுறதோ? மோட்டார் சைக்கிளுக்கும் வைச்சனான், பிரிட்ஜுக்கும் வைச்சனான். அதுகள் ஓடேல்லையோ?"

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். பிறகு பள்ளிக்கூட அழிறப்பரால் பல்லுப் பல்லாகத் தேய்த்தேன். "அம்மாளாச்சி!" என்று ஊர் அம்மனைக் கூப்பிட்டுப் பூட்டினேன். வேலை செய்தது. பழையதில் இருந்த எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன்.

ஞாயிறு காலை, நான் தண்ணீர்க் கிளாஸைக் கீழே வைப்பதற்குள் ஆட்டம் திறந்துவிட்டது.

"அக்கா, நீயோ? முதல் ஆளாய் நிக்கிறாய்!" என்றான் தம்பி. மனைவியின் அண்ணனாவது ஒன்றாவது! எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். குசினியிலிருந்து ஓடிவந்த அம்மா, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி என் பக்கத்தில் நின்றார்.

"எங்கை, தா."

"அம்மா, தொடங்கிட்டுது."

"தொடங்கிட்டுதோ? நான் இன்னும் ஒண்டும் கேக்கேல்லையே." நீட்டிய கை மெல்ல இறங்கியது. "இன்னும் கொஞ்சம் கூடச் சந்தனம் பூசியிருக்க வேணும்."

சிரிப்பு வந்தது. அம்மாவின் ஐந்து நிமிடத்தை நான்தான் பறித்துவிட்டேன். எதிரிகள் ஓடிவரும் வெட்டவெளியில் என் ஆளை அப்படியே நிற்க விட்டுவிட்டு, ஹெட்செட்டைக் கழற்றி அம்மாவின் தலையில் மாட்டினேன். இரண்டு வெடியில் என் ஆள் விழுந்தான்.

தம்பி கத்தியிருப்பான். எனக்குக் கேட்கவில்லை. அம்மாவின் பதில் மட்டும் கேட்டது.

"அக்கா செத்தால் சாகட்டும். நீ என்ன சாப்பிட்டனி?"