பச்சைத்தண்ணி

என் தம்பி பெண்டாட்டியை எங்கள் சலவைக்கூடத்தில் ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பச்சைத்தண்ணி என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரத்தம் பட்ட விரிப்பு ஒன்றை எவளோ ஒருத்தி கொதிக்கிற தொட்டியில் முக்கப் போனாள். அதுவரை வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாதவள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ வேணாங்க்கா! சுடுதண்ணி பட்டா ரத்தம் துணியோட சேந்து வெந்துடும். அப்புறம் யார் வந்தாலும் போகாது. பச்சத்தண்ணிதான். பச்சத்தண்ணியும் பொறுமையும் இருந்தா போகாத கறையே இல்ல."

குணத்திலும் பச்சைத்தண்ணிதான். சூடேறவே ஏறாது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். இஸ்திரிப் பெட்டியைவிட நான் சீக்கிரம் சூடாவேன் என்று முதலாளியே சொல்வார். எங்கள் இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போனது என்று எல்லாருக்கும் ஆச்சரியம். அவளை என் தம்பிக்கே கட்டிவைத்தபோது அந்த ஆச்சரியம் இன்னும் கூடியது.

முன்பக்கம் இஸ்திரி மேஜைகள், என் ராஜ்ஜியம். பின்பக்கம் தொட்டிகள், எந்நேரமும் ஈரத் தரை, பிளீச்சிங் பவுடர் நெடி. அது அவளுடையது. விடுதிகளிலிருந்து வரும் மூட்டைகளை யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம். ஆஸ்பத்திரி மூட்டையை மட்டும் அவள்தான் பிரிப்பாள். மற்றவர்கள் முகத்தைச் சுளிக்கிற விரிப்புகளை, தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கித் தண்ணீரில் போடுவாள்.

என் தம்பி பூட்டு ரிப்பேர் செய்கிறவன். தெருமுனையில் பெட்டிக்கடை அளவுக்கு ஒரு கடை, நாலு பக்கமும் சாவிகள் தொங்கும். திறக்காத பூட்டே கிடையாது என்று பெயர். ஆனால் காது மட்டும் பூட்டியே இருக்கும். ஒருவர் பேசுகிறபோது முதல் வார்த்தை காதில் விழுந்தால் போதும், மீதியை அவனே சொந்தமாக இட்டு நிரப்பிக்கொள்வான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "அரைக்காது" என்று அம்மா திட்டுவாள்.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடின. ஒரு தடவை தங்கி, தங்கின வேகத்தில் கலைந்தது. அதற்குப் பிறகு வெகுகாலம் ஒன்றும் இல்லை. மறுபடி நின்றபோது என் தம்பியைப் பார்க்க வேண்டுமே! தரையில் கால் பாவவில்லை. வாடிக்கையாளர் கேட்காமலே இரண்டு சாவி வெட்டிக் கொடுத்தான். அவள் மட்டும் எப்போதும்போல இருந்தாள். "தங்கட்டும் அண்ணி, அப்புறம் சந்தோஷப்படலாம்" என்பாள். அவளுக்கு அந்தக் குழந்தை எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். விடுதிக்காரர்கள் கழித்துப்போட்ட பழைய விரிப்புகளில் மெத்தென்று இருப்பதைப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து ஒரு துண்டை நான் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தேன். பிறந்ததும் சுற்றுவதற்கு.

இடையில் ஒருநாள் ஸ்கேன் எடுக்கப் போனார்கள். அவள் உள்ளே உடையைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில், வாசலில் நின்ற என் தம்பியிடம் நர்ஸ் அவசர அவசரமாகச் சொல்லியிருக்கிறாள்: "நஞ்சு கீழ எறங்கி இருக்குங்க. வெயிட்டு தூக்க விடாதீங்க. ரத்தம் பட்டா உடனே கூட்டிட்டு வாங்க."

முதல் வார்த்தை நஞ்சு. அவ்வளவுதான், அரைக்காது மூடிக்கொண்டது.

குழந்தைக்குச் சோறு போடுகிற சதைக்குப் போய் நஞ்சு என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, அவன் மட்டும் என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி. பிள்ளை பெற்றவர்களுக்கு அது நஞ்சுக்கொடி என்று புரியும். சாவி வெட்டுகிறவனுக்கு எப்படிப் புரியும்? விஷம் என்றே நினைத்துவிட்டான். எங்கள் சலவைக்கூடத்து ஆசிட்டும் பவுடரும் அவள் உடம்பில் ஏறி வயிற்றுக்குள் இறங்கியிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டான். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் நான். அக்கா மனம் நோகும் என்று என்னிடம் மூச்சு விடவில்லை. அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். தண்ணீர் நிறையக் குடித்தால் விஷம் கீழே இறங்கிப் போய்விடும் என்று செம்பு செம்பாகக் குடிக்கவைத்திருக்கிறான். அவளும் குடித்திருக்கிறாள்.

எனக்கு விஷயம் தெரிந்தது தொட்டியில்தான். சாயந்திரம் வேலை முடிகிற சமயம். பின்பக்கம் கை கழுவப் போனேன். ஓரத்துத் தொட்டியில், விடுதி விரிப்புகளுக்கு அடியில், நீலப்பூப் போட்ட விரிப்பு ஒன்று ஊறிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த விரிப்பு. தண்ணீர் முழுக்கச் சிவப்பு.

"ஏய், இது எந்த விடுதி விரிப்புடி?"

அவள் விரிப்பைத் தண்ணீருக்குள் இன்னும் ஆழமாக அமுக்கினாள்.

"உன்னத்தான் கேக்குறேன். வாயில என்ன கொழுக்கட்டையா?"

"காலையில கொஞ்சம் பட்டுது அண்ணி. அப்புறம் நின்னுடுச்சு."

"வலிச்சுதா?"

"வலியே இல்ல. சத்தியமா இல்ல. அதான் பயமில்லன்னு வேலைக்கு வந்துட்டேன். உங்க தம்பிகூட நல்லதுதான்னு சொன்னாரு. நஞ்சு எறங்குதாம். எறங்கிட்டா கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாதாம்."

மாவு பிசைகிற மாதிரி வாழ்க்கையைப் பிசைந்து வைத்திருக்கிறார்கள் இரண்டு பேரும்! மூட்டை ஏற்றுகிற வண்டியில் அவளை உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்கத் திட்டினேன். அவளையும் திட்டினேன், அவனையும் திட்டினேன், எதிரே குறுக்கே வந்த சைக்கிள்காரனையும் விடவில்லை. பயம் வந்தால் எனக்குத் திட்டுதான் வரும்.

டாக்டரம்மா ஒல்லியாக, தூக்கம் போதாத கண்களோடு இருந்தார்.

"எவ்வளவு பட்டுச்சும்மா?"

"கொஞ்சம்தான் டாக்டர்."

"டாக்டர், இவ கொஞ்சம்னு சொல்றத நம்பாதீங்க" என்றேன். "பொழுதுக்கும் உங்க ஆஸ்பத்திரித் துணியிலதான் கை வெச்சிருக்கா. இவ கணக்குல தொட்டி நெறஞ்சாத்தான் நெறைய. விரிப்ப நான் பாத்தேன். பாதி விரிப்பு."

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையில் மேலே ஒட்டியிருக்க வேண்டும். இவளுக்கு அடியில் ஒட்டி, குழந்தை வெளியே வருகிற வாசலையே மறித்துக்கொண்டிருக்கிறது. கர்ப்பப்பை விரிய விரிய, அது பிய்ந்து ரத்தம் வரும். வலி இருக்காது, அதுதான் இதில் மோசம். வலி இல்லை என்று வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அதிகமாகப் போனால் தாயும் தங்காது, பிள்ளையும் தங்காது.

சேதி கேட்டுப் பின்னாலேயே ஓடிவந்து நின்ற என் தம்பி கேட்டான்: "அப்ப, அது வெஷம் இல்லையா?"

டாக்டரம்மாவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அங்கேயே நாலு சாத்து சாத்தியிருப்பேன். ஆனால் அவன் சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து, தரையில் உட்கார்ந்துவிட்டான். "நான் நல்லதுன்னு நெனச்சேனே அக்கா, நல்லதுன்னு நெனச்சேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவனை என்ன செய்ய?

இனி பிரசவம்வரை ஆஸ்பத்திரியில்தான், படுக்கையில்தான் என்றார் டாக்டரம்மா. இன்னொன்றும் சொன்னார். "மறுபடி ரத்தம் பட்டா, தொவச்சிடாதீங்க. துணிய அப்படியே எங்கிட்ட காட்டணும். பாத்தாத்தான் எவ்வளவு போச்சுன்னு எனக்குத் தெரியும்."

படுத்தே கிடப்பதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். கறைத்துணியைத் துவைக்காமல் வைத்திருப்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இடையிடையே கொஞ்சம் கொஞ்சம் பட்டுக்கொண்டுதான் இருந்தது. துணியை எடுத்து நர்ஸிடம் நீட்டும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி இருக்கும்.

ஜன்னலோரக் கட்டில். எதிரே ஆஸ்பத்திரிச் சுவர், அதில் மழைத்தண்ணீர் இறங்கின கறை. அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள்.

"எட்டுற தூரத்துல இருந்தா, அதையும் தேச்சுக் கழுவிடுவே, இல்ல?" என்பேன்.

"சுண்ணாம்புக் கறை அண்ணி. பச்சத்தண்ணிக்குப் போகாது" என்பாள், சிரிக்காமலே. ஊமைக் குசும்பு.

பக்கத்துக் கட்டில்களில் வந்தவர்கள் பிள்ளையோடு போனார்கள். புதியவர்கள் வந்தார்கள். வயிறு அசைகிறபோதெல்லாம் என் கையைப் பிடித்து அங்கே வைப்பாள். உள்ளேயிருந்து ஒரு உதை. பயமாகவும் இருக்கும், ஆசையாகவும் இருக்கும். குழந்தை உள்ளே இருக்கிற ஒவ்வொரு வாரமும் லாபம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நுரையீரல் பலப்பட ஊசி போட்டார்கள். என் தம்பி ரத்தம் கொடுத்தான். கொடுத்துவிட்டுப் பூட்டைத் திறந்துவிட்டவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான்.

வீட்டில் அவள் துணிகளை அவன்தான் துவைத்தான். அரைக்காது கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முழுக்காதையும் திறந்து வைத்துக்கொண்டு அவளிடம் பாடம் கேட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

"பச்சத்தண்ணில ஊற வைங்க. கசக்கக் கூடாது. தண்ணி செவந்தா கொட்டிட்டுப் புதுத்தண்ணி. மறுபடி ஊற வைங்க."

"எதுவரைக்கும்?"

"தண்ணி வெறும் தண்ணியா ஆகுற வரைக்கும்."

ஆறு மாதம் முடிந்து ஏழு தொடங்கியிருந்தது. நான் பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். பாதிப் பேச்சில் அவள் நிறுத்தினாள்.

"அண்ணி, ஈரமா இருக்கு."

"கொஞ்சமா?"

அவள் போர்வைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். "நெறைய" என்றாள்.

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்கு முன்பு கேட்டதே இல்லை. நான் போட்ட கூச்சலில் வார்டே திரும்பியது. தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். தரையில் சொட்டுச் சொட்டாக ஒரு கோடு போனது. அவள் கண்ணை மூடுகிறவரை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "கொழந்தைய பாத்துக்குங்க அண்ணி" என்றாள்.

டாக்டரம்மா வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தே பாதி தெரிந்துவிட்டது. ரத்தம் நிற்கவே இல்லை, கர்ப்பப்பையை எடுத்துத்தான் அவளைக் காப்பாற்ற முடிந்தது என்றார். குழந்தை பெண். உயிர் இருக்கிறது. மூச்சுக்குத்தான் பலம் இல்லை.

மறுநாள் பொழுது சாயும்வரை இருந்தாள் அந்தக் குட்டி. இனி முடியாது என்று தெரிந்ததும் குழாய்களையெல்லாம் எடுத்துவிட்டு, நான் தைத்த துண்டில் சுற்றி, தாயின் மார்பில் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். என் உள்ளங்கையில் அடங்கிவிடுகிற தலை. அவள் விரலால் அந்தச் சின்ன நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். மூச்சு எப்போது நின்றது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

என் தம்பி குழந்தையை வாங்கிக்கொண்டு போனான். துண்டு மட்டும் அவள் கையில் தங்கியது. அதில் ஒரு ஓரத்தில், தொப்புளிலிருந்து கசிந்த ரத்தம் ஒரு பொட்டு அளவுக்கு இருந்தது.

வீட்டுக்கு வந்தபிறகு அவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். அழவில்லை. அழுதாலாவது தேவலை என்று இருந்தது எனக்கு. துண்டு தலையணைக்கு அடியில் இருந்தது. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். எந்தக் கறையையும் ஒரு பொழுதுக்கு மேல் விட்டுவைக்காதவள், இதை மட்டும் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகவில்லை. என் தம்பி வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் பைத்தியம் மாதிரி அலைந்தான். அவளுக்கு எதையாவது செய்ய வேண்டும் அவனுக்கு. என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

ஒரு காலை, சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். அவள் குளிக்கப் போயிருந்தாள். பின்பக்கம் குழாயடியில் என் தம்பி. தலையணை உறை, போர்வை, அவள் சேலை, எல்லாம் வரிசையாகக் கொடியில். கடைசியில் அந்தத் துண்டு.

"அக்கா, இங்க வந்து பாரு!" என்றான். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவன் முகத்தில் வெளிச்சம். "சுடுதண்ணி தொடவே இல்ல. அவ சொன்ன மாதிரியே பச்சத்தண்ணில ஊறவெச்சு, அலசி, மறுபடி ஊறவெச்சு... ஒரு பொட்டுகூட இல்ல பாரு!"

அட பாவி! வாய்வரை வந்த வசவை நான் துப்புவதற்குள், ஈரத்தலையோடு அவள் வந்து நின்றுவிட்டாள். கொடியைப் பார்த்தாள். துண்டை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தாள். இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். பாலாக இருந்தது.

"நல்லா தொவச்சிருக்கீங்க" என்றாள்.

அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "உனக்கு டீ போட்டு எடுத்தாறேன்" என்று உள்ளே ஓடினான். அவன் போய் அடுப்பைப் பற்றவைக்கிற சத்தம் கேட்கும்வரை அவள் அசையவில்லை. பிறகு என் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணி, அது எந்த எடத்துல இருந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

நான் தைத்த துண்டு. எனக்குத் தெரியாதா? மடித்த ஓரத்தில், தையல் முடிந்து நூலை முடிச்சுப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில். காட்டினேன். அவள் அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்திக்கொண்டு, குழாயடியில் உட்கார்ந்து, அப்போதுதான் அழுதாள். உள்ளே கேட்டுவிடக் கூடாதென்று நான் குழாயைத் திறந்துவிட்டேன்.