ஒரே ஜாடியின் ஐந்து கிறிஸ்துமஸ்

திருவனந்தபுரத்துக்கு வந்த முதல் மாதம், சாலைக் கடைத்தெருவுக்குப் போய் முந்திரி கேட்டேன். கிறிஸ்துமஸ் அல்வாவுக்கு வேண்டியிருந்தது. கடைக்காரர் உலர்ந்த திராட்சையை அள்ளித் தராசில் போட்டார். “இது இல்லங்க, முந்திரி” என்றேன். “இது தன்னெ முந்திரி, அம்மே” என்றார். அவருக்குப் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, “முந்திரிப் பருப்பு” என்று நிறுத்திச் சொன்னேன். அவர் பொறுமைசாலி. திராட்சையை ஒரு பொட்டலமாகவும் துவரம்பருப்பை இன்னொரு பொட்டலமாகவும் கட்டி என் கையில் வைத்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கியதால் இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பாளையங்கோட்டைக்கும் இந்த ஊருக்கும் நடுவே செங்கோட்டை வழியாக ஒரு ரயில் பயணம்தான். அதற்குள் முந்திரி என்ற சொல் மலையைத் தாண்டித் திராட்சை என்ற வேறு பழமாகிவிடுகிறது. ஊரில் இருந்துகொண்டு, “மலையாளம் என்ன பெரிய பாஷை, நம்ம தமிழ்தானே” என்று சொல்கிறவர்கள் ஒருமுறை சாலைக் கடைத்தெருவுக்கு வந்து அல்வாவுக்குச் சாமான் வாங்கிப் பார்க்க வேண்டும்.

என் கணவர் அப்போது நீர்வழங்கல் ஆபீசில் கிளார்க். பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தவர், “இவ்வளவு திராட்சையை என்ன செய்யப் போற?” என்று கேட்டார். அப்போதுதான் நான் டீச்சருக்குப் படித்த டிரெயினிங் ஸ்கூல் ஹாஸ்டல் ஞாபகம் வந்தது. ஹாஸ்டல் வார்டன் ஓர் ஆங்கிலோ-இந்தியப் பெண்மணி. ஒவ்வொரு ஆண்டும் கிறிஸ்துமஸுக்கு முன்பு பீங்கான் ஜாடியில் உலர்ந்த திராட்சையை நறுக்கிப் போட்டு, சர்க்கரை சேர்த்து, ஆறிய வெந்நீர் ஊற்றி ஊறவைப்பார். மாணவிகள் முறை வைத்துத் தினமும் மரக்கரண்டியால் கிளறுவோம். சில வாரம் கழித்து வடிகட்டி, இன்னொரு பங்கு சர்க்கரை சேர்த்து, தெளிய வைத்துப் புட்டிகளில் அடைப்பார். கிறிஸ்துமஸ் அன்று ஆளுக்கு ஒரு சின்ன டம்ளர். நான் அதைக் குடித்தேன் என்று வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. அப்பா மதுவிலக்குச் சங்கத்தில் கையெழுத்துப் போட்டவர். அக்கா அன்னம்மாளும் அப்பாவைப் போலவே. எங்கள் வீட்டில் ஒயின் என்ற சொல்லே கிடையாது. வேதத்தில் வந்தால் திராட்சரசம், அதுவும் வாசித்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விட வேண்டும்.

இங்கே கேட்பார் யாரும் இல்லை. ஜாடி வாங்கினேன், ஊறவைத்தேன். கிறிஸ்துமஸுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தது போக ஒரு புட்டி அரிசிப் பானைக்குப் பின்னால் மறந்து கிடந்தது. அடுத்த ஆண்டு அதைக் கண்டெடுத்துப் புதியதோடு சேர்த்துக் குடித்துப் பார்த்தேன். பழையது நிறம் வெளுத்து, தேன் போல இறங்கியிருந்தது. இரண்டும் ஒரே ஜாடியில், ஒரே கையால் செய்தவை. ஆனால் அண்ணன் தம்பி போல முகம் வேறாக இருந்தது. அதிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸிலும் சில புட்டிகளை எடுத்து உள்ளறையில் வைத்துவிடுவது பழக்கமாயிற்று. ஆண்டு தெரிவதற்காக அந்த ஆண்டு தைத்த ரவிக்கையின் துணியைப் புட்டிக் கழுத்தில் கட்டிவைப்பேன்.

யுத்தம் வந்த பிறகு முதலில் மண்ணெண்ணெய் போயிற்று, பிறகு அரிசி, பிறகு சர்க்கரை. கடைசியில் எங்கள் கோயிலுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்த, திருவிருந்துக்கான திராட்சரசமும் நின்றுபோயிற்று. கையிருப்பில் இருந்த புட்டிகளில் தண்ணீர் கலந்து சில மாதம் சமாளித்தார்கள். ஈஸ்டர் நெருங்கும்போது அதுவும் தீர்ந்துவிட்டது. போதகர் ஐயா இரண்டு பாஷையிலும் பிரசங்கம் செய்கிறவர். காலையில் தமிழ் ஆராதனை, பிறகு மலையாள ஆராதனை. ஒருநாள் வீட்டுக்கு வந்தவர், “டீச்சரம்மா, நீங்க கிறிஸ்துமஸுக்குச் செய்யிறது திராட்சை மட்டும்தானா? பட்டை, கிராம்பு ஒண்ணும் போடுறது இல்லையே?” என்று கேட்டார். என் கணவருக்கு மசாலா வாசனை ஆகாது, அதனால் போடுவதில்லை என்றேன். “அப்ப திருவிருந்துக்கு ஆகுமான்னு கமிட்டியில சொல்லிப் பார்க்கிறேன்” என்று போனார்.

கமிட்டிக்குப் போவதற்கு முன்பே பேச்சு தெருவுக்குப் போய்விட்டது. நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு எடுத்துவந்தேன். அங்கே தலைமை ஆசிரியை ஏலியாம்மா சார். இந்த ஊரில் ஆணானாலும் பெண்ணானாலும் பள்ளிக்கூடத்தில் பெரியவர்கள் எல்லாரும் சார்தான். அவர் எங்கள் கோயில் கமிட்டியிலும் இருந்தார். ஒரு நாள் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“டீச்சரின்றெ வீட்டில் சாராயம் வாற்றுந்நு என்னு ஆளுகள் பறயுந்நு.”

வாற்றுவது என்றால் காய்ச்சுவது. எனக்குக் காது சூடாயிற்று. அழுகை வரும் என்று நானே பயந்தேன். ஆனால் வந்தது கோபம்தான்.

“சார், என் வீட்டில் ஒளிச்சு வைக்க ஒண்ணும் இல்ல. சனிக்கிழமை நீங்களே வரணும். போதகர் ஐயாவையும் கூப்பிடறேன். எத்தனை வருஷத்துப் புட்டி இருக்கோ அத்தனையும் எடுத்து வைக்கறேன். குடிச்சுப் பார்த்துச் சொல்லுங்க.”

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். “எந்தினா இத்ர கஷ்டம்? உணக்க முந்திரி வெள்ளத்தில் இட்டுப் பிழிஞ்ஞால் போரே? ஞங்ஙளுடெ பள்ளியில் பண்டு அங்ஙனெயாணு” என்றார். உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால் போதாதா, தங்கள் பழைய சபையில் அப்படித்தான் வழக்கம் என்கிறார். “போதும் சார், அது ஒருநாள் நிற்கும். இது வருஷக்கணக்கா நிற்கும். நிற்குதா இல்லையான்னு பார்க்கத்தான் கூப்பிடறேன்” என்றேன். இப்படிப் பேசியது நான்தானா என்று திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அதே வாரம் அக்கா பாளையங்கோட்டையிலிருந்து வந்து இறங்கினாள். உள்ளறையில் புட்டி வரிசையைப் பார்த்ததும் கையிலிருந்த பையைக் கீழே போட்டாள்.

“ஏட்டி செல்லம், என்னட்டி இது? அப்பா உசுரோட இருந்தா இந்த வீட்டு வாசப்படிய மிதிப்பாவளா?”

“கோயிலுக்குக்கா.”

“கோயிலுக்கா? இம்புட்டுமா?”

எப்படி நடத்துவது என்று எனக்கு வழி சொன்னவர் மிஷன் ஆஸ்பத்திரியின் டாக்டர் அம்மா. ஸ்காட்லாந்துக்காரர். அவருடைய தகப்பனார் வீட்டில் ஒரே தோட்டத்து ஒயினின் பல ஆண்டுப் புட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்துப் பார்ப்பார்களாம். புதியதிலிருந்து பழையதற்குப் போக வேண்டும், நடுவில் ரொட்டித் துண்டும் தண்ணீரும் வேண்டும், எந்த ஆண்டு என்று முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்றார். கிளாஸுக்கு என்ன செய்வது என்று விழித்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து மருந்து அளக்கும் கண்ணாடிக் குவளைகளை ஒரு கூடையில் அனுப்பிவைத்தார்; தானும் வருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் தெருக்கதவையும் ஜன்னல்களையும் திறந்தே வைத்தேன். போகிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான். மேசைமேல் வெள்ளைத் துணி, அதன்மேல் ஐந்து புட்டிகள். கழுத்தில் கட்டியிருந்தது தெரியாதபடி அதன்மேல் என் கணவர் எண் எழுதிய சீட்டுகளைக் கட்டினார். அக்காவுக்குக் குடிக்க மனமில்லை என்றாலும் விருந்தாளிகளைக் குறைவாக நடத்தவும் மனமில்லை. நல்ல கை நாற்காலியை நடுவில் போட்டு, “இது அந்தப் பெரிய சாருக்கு. ஆம்பளையாளு, அதுவும் பெரிய உத்தியோகம்” என்றாள். ஏலியாம்மா சார் இந்த ஊர்க் கிறிஸ்தவப் பெண்கள் உடுத்தும் வெள்ளைச் சட்டையும் முண்டும், மேலே சரிகைக் கரை போட்ட கசவு நேரியதுமாக வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும், “ஏங்க, இது சாருக்கு வச்சது” என்று எழுப்பப் போய்விட்டாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

போதகர் ஐயா ஜெபம் செய்தார். அக்காதான் கேட்டுக்கொண்டாள்; ஜெபமில்லாமல் இந்த வீட்டில் புட்டி திறக்கக்கூடாது என்று. பிறகு நான் ஊற்றினேன். முதலில் போன கிறிஸ்துமஸின் ரசம். போதகர் ஐயா மெல்லத் தலையசைத்தார். டாக்டர் அம்மா குவளையை வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்து, வாயில் வைத்து உருட்டி விழுங்கினார். ஏலியாம்மா சார் ஒரு மிடறு குடித்தார். குவளையைக் கீழே வைத்தார்.

“கொள்ளாம்.”

அக்காவின் முகம் வாடிவிட்டது. என் காதருகே குனிந்து, “கொள்ளாதுன்னு சொல்லிட்டாவளா? பாவம்ட்டி நீ” என்றாள். குடிக்காதே என்று மூன்று நாளாக என்னோடு சண்டை போட்டவள், என் ரசத்தை ஒருத்தி வேண்டாம் என்றதும் கலங்கிப்போனாள். “நல்லாயிருக்குன்னு அர்த்தம்க்கா” என்றேன். அவள் நம்பவில்லை. ஏலியாம்மா சார் மறுபடி குவளையை எடுத்துக் காலி செய்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சுவிட்டாள்.

இரண்டாவது, மூன்றாவது. இனிப்பு ஏறியும் இறங்கியும் போயிற்று, கெட்டுப்போனது ஒன்றுமில்லை. ஒவ்வொன்றுக்கும் “கொள்ளாம்” வந்தது. நான்காவது புட்டியில்தான் டாக்டர் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். போதகர் ஐயாவும் குவளையை நீட்டினார். தித்திப்பே இல்லாமல், நாக்கைக் கழுவிவிட்டது போலச் சுத்தமாக, பின்னால் மட்டும் திராட்சையின் வாசனை எழும்பியது.

“இது டிரை” என்றார் டாக்டர் அம்மா. அதற்கு உலர்ந்தது என்றுதான் எல்லாருக்கும் அர்த்தம் தெரியும். போதகர் ஐயா குவளைக்குள் எட்டிப் பார்த்தார். ஏலியாம்மா சார், “பின்னெ, உணக்க முந்திரி அல்லே! அதுகொண்டாணு” என்று, உலர்ந்த திராட்சையில் செய்ததால்தான் அது உலர்ந்தது என விளக்கம் சொன்னார். டாக்டர் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தித்திப்பு முழுவதும் நொதித்துத் தீர்ந்துபோன ஒயினுக்குத் தங்கள் ஊரில் அப்படிப் பெயர் என்றார். “இதுதான் கோயிலுக்கு உகந்தது. எந்த ஆண்டு?”

நான் சீட்டை விலக்கிப் பார்த்தேன். அடியில் ரவிக்கைத் துணி இல்லை. ஆபீஸ் கோப்பு கட்டும் சிவப்பு நாடா இருந்தது.

அது அம்மா இறந்த ஆண்டு. திராட்சை ஊறிக்கொண்டிருக்கும்போது தந்தி வந்து, போட்டது போட்டபடி நான் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது புட்டிகள் அடைக்கப்பட்டு வரிசையாக இருந்தன. எனக்கு அப்போது எதையும் கேட்கத் தோன்றவில்லை. இப்போது எல்லார் முன்னாலும் கணவரைத் திரும்பிப் பார்த்தேன்.

“வடிகட்டின பிறகு ரெண்டாவது சர்க்கரை எவ்வளவு போட்டீங்க?”

“ரெண்டாவது சர்க்கரையா? அப்படி ஒண்ணு உண்டா?” என்றார் அவர்.

அறையே சிரித்தது. எனக்கு முதலில் சுருக்கென்று இருந்ததை மறைக்க மாட்டேன். என் ஜாடி, என் கை, என் இத்தனை கிறிஸ்துமஸ். அதில் ஜெயித்தது நான் இல்லாத ஆண்டு! அவரோ ஒன்றுமே தெரியாதவர் போல நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மிடறு வாங்கிக் குடித்துப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்க, தனியாக இருந்த மனுஷன், “அவள் போட்டது வீணாகக் கூடாது” என்று தனக்குத் தெரிந்த மட்டில் வடிகட்டி அடைத்து வைத்திருக்கிறார். எனக்குச் சட்டென்று பெருமையாகிவிட்டது. அவரைப் பற்றியா, ரசத்தைப் பற்றியா என்று பிரிக்க முடியாத பெருமை.

“சர்க்கரை பாதி போதும்னா இந்தக் காலத்துக்கு ரொம்ப நல்லது” என்றார் போதகர் ஐயா. சர்க்கரைக்கு ரேஷன் கடையில் வரிசை நின்றுகொண்டிருந்த காலம் அது.

ஐந்தாவது புட்டியும் திறந்தோம். நான் எடுத்து வைக்கத் தொடங்கிய முதல் ஆண்டின் புட்டி அது, தேனாக இருந்தது. அதைக் குடித்துவிட்டு ஏலியாம்மா சார் எழுந்து, திறந்திருந்த தெருக்கதவு வரை போய், வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்களிடம் உரக்கச் சொன்னார். “டீச்சர் நம்முடெ பள்ளிக்கு வீஞ்ஞு உண்டாக்குந்நு. கேட்டல்லோ?” டீச்சர் நம்முடைய கோயிலுக்கு ஒயின் செய்கிறார், கேட்டீர்கள் அல்லவா என்று. அதற்குமேல் அந்தத் தெருவில் சாராயப் பேச்சு எழவில்லை.

அந்த ஈஸ்டரில் சிவப்பு நாடாப் புட்டிகள் கோயிலுக்குப் போயின. காலையில் தமிழில் ஆசீர்வதித்துக் கொடுத்த அதே கிண்ணத்தைப் பிறகு மலையாளத்தில் ஆசீர்வதித்துக் கொடுத்தார்கள். நான் இரண்டு ஆராதனையிலும் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது தடவை எனக்கு அங்கே வேலை இல்லை. சும்மா பார்த்துக்கொண்டிருக்கத்தான் இருந்தேன். ஊருக்குப் புறப்படும்போது அக்கா பெட்டியைப் பூட்டாமல் நின்றாள். “எங்க கோயில்லயும் ரசம் இல்லாமத்தான் கெடக்கு. பாதிரி அய்யருக்குத்தான் கேக்கேன், எனக்கில்ல” என்றாள். இரண்டு புட்டிகளைப் பழைய சேலையில் சுற்றி அவள் பெட்டிக்குள் வைத்தேன். பிறகு ஒவ்வோர் ஆண்டும் யாராவது செங்கோட்டை வழியாகப் போகிறவர்கள் கையில் அவளுக்குப் புட்டிகள் போயின.

யுத்தம் முடிந்து அக்கா மகளின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். நான் ஞானஸ்நானம் பெற்ற அதே கோயில், நான் பாட்டுப் படித்த அதே பெஞ்சு. ஆராதனை முடிந்ததும், மணியடித்துக் கோயிலைக் கவனிக்கும் கோயில்பிள்ளையின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். புதிதாக வந்தவள், என்னை முன்பின் அறியாதவள்.

“அன்னம்மா அக்கா தங்கச்சிதான நீங்க? மலையாளத்து ரசம்தான் எங்களுக்கு இத்தன வருசமும் கை குடுத்துச்சு. ஒங்க ஊரு ரசம் ஒசத்திதான்!”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரத்தில் இருந்தேன். கோயில் படியிறங்கும்போது இங்குள்ள கோயில்காரர் கும்பிட்டபடி வந்தார்.

“பாண்டி வீஞ்ஞு தீர்ந்நு போயி, சாரே. சாரின்றெ நாட்டிலெ வீஞ்ஞு போலெ வேறெ இல்ல.”

பாண்டி என்றால் இவர்களுக்குத் தமிழ்ச் சீமை; அந்த ஒயின் தீர்ந்துபோயிற்று, உங்கள் ஊர் ஒயினைப் போல வேறு இல்லை என்கிறார். இருவரும் பாராட்டத்தான் செய்தார்கள். இருவருமே கையால் மலைக்கு அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் பாராட்டினார்கள். நான் யாரையும் திருத்தவில்லை. அங்கே அவளிடம் தமிழிலும், இங்கே இவரிடம் மலையாளத்திலும், தலையை நிமிர்த்தி ஒரே பதிலைத்தான் சொன்னேன்:

“ஆமாம், எங்க ஊருதான்.”