ரீத்தாவைக் கொன்றது நான்தான்

ரீத்தாவைக் கொன்றது நான்தான். அந்த மலையாள நாவலாசிரியர் அல்ல. கடைசி அத்தியாயத்தில், வீதி முனையில் குண்டு பாய்ந்து அவள் விழுவதை வாசித்து நீங்கள் அழுதீர்களே... அந்த இரண்டரைப் பக்கமும் மூலத்தில் இல்லை! மொழிபெயர்க்க உட்கார்ந்த நான் சொந்தமாக எழுதிச் சேர்த்தவை.

நாவலை வாசிக்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெயரில்லாத ஒரு தலைநகரம். அரசாங்கம் இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டு கிடக்கிறது. அமைச்சர்கள் ஒவ்வொருவராக விமானம் ஏறுகிறார்கள். பெட்ரோலுக்கு வரிசை, ரொட்டிக்கு வரிசை. ஊரடங்குக்குள்ளும் ஒரு மதுக்கூடம் மட்டும் ஜெனரேட்டர் போட்டு விடிய விடிய நடக்கிறது. அங்கே பாடுகிறவள் ரீத்தா. ஆட்சி கவிழும் இரவில், மூலத்தில் அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? பாடி முடித்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறாள். பால் விடாமல் கட்டஞ்சாயா போட்டுக் குடிக்கிறாள். நிம்மதியாகத் தூங்குகிறாள். அவ்வளவுதான்!

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாடே மூழ்குகிறது, இவளுக்கு ஒரு கீறல்கூட விழாதா?

நாட்டுக்காகவா கொதித்தேன்? பொய் எதற்கு... என் தங்கை ஜெயசீலி கொச்சியில் ஒரு ஹோட்டலில் இரவுகளில் பாடுகிறாள். சிறுவயதில் விடுமுறை விட்டால், இருவரும் அம்மாவோடு கம்பத்தில் ஜீப் ஏறி, மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போவோம். அங்கே பழகிய மலையாளம்தான் என்னை மொழிபெயர்ப்பாளர் ஆக்கியது, அவளைக் கொச்சிக்குக் கொண்டுபோனது. அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியவள் நான். கோயிலில் யாராவது விசாரித்தால், ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்க்கிறாள் என்று சமாளித்தவளும் நான். அவளோ வருஷத்துக்கு ஒருமுறை சிரித்த முகமாக வந்து நிற்பாள். அந்தச் சிரிப்பின்மேல் எனக்குப் பொறாமை! ரீத்தாவின் நிம்மதியான தூக்கத்தை எழுதக் கை வரவில்லை. சுட்டுவிட்டேன்.

நாவலாசிரியருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. என்னை நம்பினார். தேனியில் நடந்த கூட்டத்தில் ஒருவர், ரீத்தாவின் சாவு ஒரு தேசத்தின் சாவு என்று முழங்கினார். நான் மேடையில் தலையாட்டிக்கொண்டிருந்தேன். தவக்காலம்தோறும் பாவசங்கீர்த்தனத்தில் முழந்தாளிட்டு, கோபப்பட்டதையும் பூசைக்குப் போகாததையும் ஒப்பித்துவிட்டு எழுந்து வந்தேன். இதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

போன கிறிஸ்துமஸுக்கு ஜெயசீலி வந்தாள். சமையற்கட்டில் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள்.

“மலையாளத்துல அவ சாகலையேக்கா?”

இரண்டையும் வாசித்திருக்கிறாள்! ஒரு விமர்சகருக்கும் தெரியாதது என் வீட்டுக்குள்ளேயே பிடிபட்டது. பூண்டுத் தோலை ஊதிவிட்டு அவளே தொடர்ந்தாள்.

“என்னயத்தேன் கொன்னுருக்கன்னு வாசிச்ச அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு.”

ஆமாம் என்றேன். அந்த ஒரு சொல்லோடு, இத்தனை வருடம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. அகப்பட்டுக்கொள்வதில் இவ்வளவு சுகமா! அன்று மதியம் கறிச்சோற்றை இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன்.

மறுநாளே நாவலாசிரியருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர், திருத்திப் போடுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். திருத்திவிட்டேன். புதிய பதிப்பில் ரீத்தா வீட்டுக்குப் போய்ச் சேர்கிறாள். கோயிலில் கேட்டவர்களிடமும், என் தங்கை ஹோட்டலில் பாடுகிறாள் என்று சொல்லிவிட்டேன். ஒருவருக்கும் மயக்கம் வரவில்லை. எவ்வளவு லேசாக இருக்கிறது தெரியுமா...

திருத்திய அத்தியாயத்தை முதலில் ஜெயசீலிக்குத்தான் அனுப்பினேன். வாசித்துவிட்டுக் கூப்பிட்டாள். நன்றாக வந்திருக்கிறது என்றாள். பிறகு கேட்டாள்.

“நான் நல்லா இருந்ததுல ஒனக்கு என்னக்கா கொறஞ்சுச்சு?”

சாப்பிட்டாயா என்று கேட்டேன்.