ஆறு பேருக்கும் ஓர் எண்

கீரி என்ற ஊரில் எங்கள் வீட்டுச் சுவரில் ஆமிக்காரர்கள் தாரால் ஓர் எண் எழுதிவிட்டுப் போனார்கள்: 142857. ஊரை மடக்கித் தேடும் சுற்றிவளைப்பில் கேட்டால் வீட்டில் உள்ள எல்லோரும், சின்னப் பிள்ளைகள்கூட, தடுமாறாமல் அதைச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாதவர் அந்த வீட்டு ஆள் இல்லை. அதற்குப் பயந்து அம்மா, செபமாலை முடிந்த கையோடு எங்களை அந்த எண்ணையும் சொல்ல வைத்தார். ஆண்டவருக்கு அடுத்தபடி எங்கள் வீட்டில் தார் எண்தான்.

உயர்தர வகுப்பில் கணிதம் படித்த அக்காவுக்கு இது பொறுக்கவில்லை. "எங்களுக்கு நம்பர் போட அவை ஆர்?" என்று சுவரை முறைத்துக்கொண்டே திரிந்தாள். ஒரு நாள் பார்த்தால் அவளுக்கு ஒரே சிரிப்பு. அந்த எண்ணை இரண்டால் பெருக்கினால் 285714. மூன்றால் பெருக்கினால் 428571. அதே ஆறு இலக்கங்கள், அதே வரிசை. தொடங்கும் இடம் மட்டும் வேறு. ஆறால் பெருக்கும்வரை இப்படியேதான். ஒன்றுகூடத் தொலைவதில்லை, புதிதாக ஒன்று நுழைவதுமில்லை.

வீட்டிலும் நாங்கள் ஆறு பேர். அப்பாவுக்குச் சுவரில் இருப்பது, அம்மாவுக்கு இரண்டால் பெருக்கியது, அண்ணனுக்கு மூன்றால், தனக்கு நான்கால், சின்னண்ணனுக்கு ஐந்தால் என்று அக்கா பங்கு பிரித்தாள். கடைக்குட்டியான எனக்கு ஆறால் பெருக்கியது: 857142. அம்மா முதலில் ஏசினார். பிறகு தன்னுடையதை எல்லோரையும்விட வடிவாகச் சொன்னார்.

அடுத்த சுற்றிவளைப்பில் அதிகாரி என்னைத்தான் முதலில் கேட்டான். நான் என்னுடைய எண்ணைச் சொன்னேன். இதில் என்ன பிழை என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அவன் சுவரைப் பார்த்தான்.

"இது வேற நம்பர். பிள்ளை எந்த வீடு?" என்றவனின் கண், எனக்குப் பின்னால் நின்ற அண்ணனிடம் போனது. வீட்டில் வெளியாள் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் அவர்கள் கொண்டுபோவது அண்ணனைப் போன்ற இளந்தாரிகளைத்தான். அம்மா அண்ணனின் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா முன்னால் வந்தாள்.

"அவள் சொன்னதும் இந்த வீட்டு நம்பர்தான். ஆறாலை பிரிச்சுப் பாருங்கோ."

கெஞ்சல் கொஞ்சமும் இல்லை அந்தக் குரலில். முற்றத்து மணலில் ஈர்க்கால் ஆறு வரிகளையும் எழுதினாள். அவன் குந்தியிருந்து ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்தான்.

"ஏழால பெருக்கினா?" என்று கேட்டான்.

அக்கா எழுதினாள்: 999999.

அவன் எழுந்து சப்பாத்தால் மணலை அழித்துவிட்டு, அண்ணனைத் தொடாமல் போனான். மறுநாள் தார்ச் சட்டியோடு ஒருவன் வந்து, சுவரில் கடைசியாக இருந்த 7ஐ 8 ஆக்கினான்.

"இதைப் பெருக்கினால் ஒரு மண்ணும் வராது. எரிச்சலிலை செய்திருக்கிறான்" என்றாள் அக்கா. அவளுக்கு அதில் பெருமைதான். கேட்பவர்களுக்குப் புதிய எண்ணைச் சொன்னோம். செபமாலைக்குப் பிறகு பழையதைத்தான் சொன்னோம், வேண்டுமென்றே.

அந்த வருசம் முடிவதற்குள் அண்ணன் இந்தியாவுக்குப் படகேறினான். அன்று செபமாலை முடிந்து அப்பா சொன்னார், அம்மா சொன்னார். முறை அண்ணனிடம் வந்து நின்றது. அக்கா தன்னுடையதைத் தொடங்கவில்லை. அப்போது அம்மா மறுபடியும் வாயைத் திறந்து 428571 என்றார், வெளியே ஒழுங்கையில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி.

"அது அண்ணாவின்ரை நம்பர் அம்மா, உங்கட இல்லை" என்று நான் திருத்தினேன். அக்கா என் வாயைப் பொத்தினாள். மறுநாளும் அம்மா அப்படியே சொன்னார், அதற்கு மறுநாளும்.

அம்மாவுக்குக் கணக்கு வராது என்றுதான் நான் நினைத்தேன்.