காற்று நின்றால் கணக்கும் நிற்க வேண்டும்

கலாவதி அக்கா இறந்த செய்தி வந்தபோது, அலுவலகத்தில் அவர் எழுதிய நிரலைத்தான் சோதித்துக்கொண்டிருந்தேன். மாரடைப்பு என்றார்கள். மறுநாள் மூலக்கொத்தளம் மயானத்தில் அடக்கம். அங்கு வந்திருந்த, அக்காவின் உறவினர்களும் தெருக்காரர்களுமான உங்களில் சிலர், "ஆபீஸ்ல அது இன்னா வேலதான்மா பாத்துச்சு?" என்று கேட்டீர்கள். கூச்சத்தில் சரியாகச் சொல்லவில்லை. இந்த அஞ்சலிக் குறிப்பில் சொல்கிறேன்.

மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் கணித நிரல்களின் தொகுப்பை நாங்கள் உருவாக்குகிறோம். வாயு கசிந்தால் எந்தப் பக்கம், எவ்வளவு அடர்த்தியாகப் பரவும் என்று கணிப்பது அக்காவின் பகுதி. மணலி புதுநகர் பக்கம் ஓர் ஆலையின் அபாயச் சங்கு அந்தக் கணக்கை நம்பித்தான் ஒலிக்கும்.

காற்று அடியோடு நின்றால், அந்தச் சூத்திரத்தில் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க நேரும். வருகிற விடை எண்ணே அல்ல. அது அபாய அளவைவிடப் பெரியதா என்று கேட்டால் கணினி 'இல்லை' என்றுதான் சொல்லும். சங்கு ஒலிக்காது. ஆனால் காற்றில்லாத மாலையில்தான் வாயு தரையோடு தேங்கும். அதனால் அந்த இடத்தில் கணக்கை நிறுத்தி, 'கணிக்க முடியவில்லை' என்று எச்சரிக்கும்படி அக்கா எழுதியிருந்தார்.

ஒருமுறை ஆலைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை அப்படி நின்றுவிட்டது.

"மானம் போச்சு கலா. நிக்காம ஏதாவது ஒரு நம்பர் குடுக்கக் கூடாதா?" என்றார் மேலாளர்.

"ஏதோ ஒரு நம்பருன்னா வாசல்ல ஆட்டோக்காரர் கீறாரு சார், அவரு சொல்வாரு. காத்து நின்னா கணக்கும் நிக்கணும்."

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கூட்டங்களில் வாய் திறக்கப் பயம். "நீ இன்னாடி, கம்ப்யூட்டருக்கு நேர் எதிரா கீற. அது தெரியலன்னாலும் பதில் சொல்லுது, நீ தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேங்கற" என்று அக்கா சிரிப்பார்.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம் மேலாளர் கூப்பிட்டார். "காத்து நின்னா கணக்க நிறுத்துற அந்தச் சோதனைய எடுத்துடும்மா. அவங்க இருந்தா சண்டை போடுவாங்க. இப்ப…"

"எடுக்க மாட்டேன் சார்."

"சரி. வேற ஆள் எடுப்பாங்க."

எடுத்துவிட்டார்கள். புதிய பதிப்பு ஆலைக்குப் போய்விட்டது. அங்குள்ள பாதுகாப்பு அதிகாரிக்கு விவரமாக எழுதினேன். இதுவரை பதில் இல்லை. மறுபடியும் எழுதுவேன்.

அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒரு சந்தேகம். கடற்காற்று ஓய்ந்து, மரத்தில் ஓர் இலையும் அசையாத மாலைகளில், சங்கு ஒலிக்கவில்லை என்பதை நல்ல செய்தியாக என்னால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை. அந்த ஆலையின் பக்கம் குடியிருக்கும் நீங்களும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.