நான்கு குரோமோசோம்களும் ஒரு வளைகாப்பும்

1. இரண்டு ஆண்டுகளில் அண்ணிக்கு மூன்று முறை கரு கலைந்தது.
2. டாக்டர் சொன்னதால் அண்ணனும் அண்ணியும் குரோமோசோம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள்.
3. அண்ணிக்கு ஒன்றுமில்லை. சிக்கல் அண்ணனிடம் இருந்தது.
4. அம்மாவிடம் அண்ணன், "ரெண்டு பேருக்கும் நார்மல்" என்றான்.
5. போன ஞாயிறு கிள்ளானில் பெரியம்மா மகளுக்கு வளைகாப்பு.

அவன் தங்கை நான், மரபணு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். அதனால் அண்ணன் அறிக்கையை என்னிடம்தான் கொண்டுவந்தான். பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையொன்றில் உட்கார்ந்து விளக்கினேன். விந்தணு உருவாகும் முன் டிஎன்ஏ ஒருமுறை நகலாகும். பிறகு ஒவ்வொரு குரோமோசோமும் தன் ஜோடியோடு ஒட்டி நின்று, அதன்பின் பிரியும். அண்ணனுக்குப் பிறவியிலேயே பதினொன்றாவது குரோமோசோமும் இருபத்திரண்டாவதும் ஆளுக்கொரு துண்டை மாற்றிக்கொண்டிருக்கின்றன. அவன் உடம்பில் எதுவும் குறையவில்லை, அவன் நலமாக இருக்கிறான். ஆனால் ஜோடி சேரும்போது இரண்டிரண்டாக நிற்காமல் அந்த இரு ஜோடிகளின் நான்கும் சிலுவைபோல் பின்னிக்கொள்கின்றன. பிரியும்போது சில விந்தணுக்களுக்கு ஒரு துண்டு கூடுகிறது, இன்னொன்று குறைகிறது. அப்படிப்பட்ட விந்தணுவால் உண்டாகும் கரு பெரும்பாலும் நிலைப்பதில்லை.

"யார் தப்பும் இல்ல," என்றேன். "அம்மாகிட்ட சொல்லிடு."

"சொல்றேன் லா," என்றான்.

வளைகாப்பில் பெண்கள் வரிசையாகச் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். அண்ணியின் முறை வந்தது. வளையலை எடுத்த கையை அம்மா பிடித்துக்கொண்டார்.

"நீ வேணாம்மா. மூணு தங்கலியே. நல்ல நாள் லா இன்னிக்கு."

அண்ணி வளையலைத் தட்டில் வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க," என்றார். அவன் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தான். நான் வாய் திறந்தேன். அண்ணி என் மணிக்கட்டை அழுத்தினார். "நீ சொல்லாத. அவர்தான் சொல்லணும்."

கார் நிறுத்துமிடத்தில் அவனைப் பிடித்தேன். "துண்டு மாறினது உனக்கு, கெட்ட பேரு அவங்களுக்கா?"

"கத்தாத லா. அம்மா தாங்க மாட்டாங்க."

"அண்ணி மட்டும் தாங்கணுமா?"

"ஆம்பளைக்குக் குறைன்னா ஊரே சிரிக்கும். உனக்கு என்ன தெரியும்?"

எனக்குத் தெரியும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இது ஒரேபோல் வரும். தினமும் நுண்ணோக்கியில் பார்ப்பது இதைத்தான். சிரிக்கும் ஊர் மூன்று முறை ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. நான் போயிருக்கிறேன், அண்ணிக்குப் புடவை மாற்றிவிட்டிருக்கிறேன்.

அன்றே அண்ணி காஜாங்கில் உள்ள தன் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணன் தன் வாயால் அம்மாவிடம் சொன்ன பிறகுதான் திரும்பி வருவாராம். இன்று வியாழக்கிழமை. அண்ணன் இன்னும் சொல்லவில்லை.